பங்காளி உத்தியோகம்

டோல்கேட்டிலே இப்போது டோலும் இல்லை, கேட்டும் இல்லை. வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய இடம் என்பதற்குப் பெயர் ஒன்றுதான் சாட்சி. 2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் மெட்ரோ ரயில் இந்தப் பக்கம் வந்தபோது, ஸ்டேஷனுக்கும் அதே பெயரை வைத்து அதற்குச் சிரஞ்சீவிப் பட்டம் கட்டிவிட்டார்கள். கடலோரச் சாலையில் துறைமுகத்தை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பலர் அந்த லாரிகளை நம்பிச் சோறு தின்கிற வீட்டுப் பிள்ளைகள்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் ஒருத்தி, என் பழைய மாணவி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் தகப்பனாருடன் என்னைப் பார்க்க வந்தாள். பி.காம். கடைசி வருஷம் படிக்கிறாள். தகப்பனார் சொந்தமாக ஒரு டிரெய்லர் லாரி வைத்து ஓட்டுகிறவர். சொந்தம் என்றால், பாதிக்கு மேல் கடன் கொடுத்தவருக்குச் சொந்தம்.

"ஸார், எனக்குப் பிரைவேட் ஈக்விட்டியில் வேலைக்குப் போகவேண்டும்" என்றாள்.

"வாத்தியார் ஐயா, பேங்க் பரீட்சை எழுது, மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்கிறேன். இவள் என்னவோ வாயில் நுழையாத பேர் சொல்லுகிறாள். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் தகப்பனார்.

எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்து உறுத்திற்று. பத்து வருஷத்துக்கு முன் வேறொரு பையன் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டான். "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு அப்பா!" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் மறு பேச்சில்லாமல் போய்விட்டான். ஒரு விஷயம் நமக்குத் தெரியாதபோது தெரியாது என்று சொல்லாமல், நடக்காது என்று சொல்லிவிடுவது உபாத்தியாயர்களைப் பீடித்த பழைய வியாதி. ஆகையால் இந்தத் தடவை, "ஒரு வாரம் தவணை கொடு, அம்மா. நான் விசாரித்துச் சொல்லுகிறேன்" என்றேன். விசாரித்ததில் தெரிந்துகொண்டதை, இதே கேள்வி தங்கள் வீட்டிலும் எழக்கூடும் என்பதால், நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

*

முதலில் அந்த வியாபாரம் இன்னதென்று பார்க்கவேண்டும். பணம் வைத்திருப்பவன் தொழில் செய்பவனுக்கு இரண்டு விதமாக உதவலாம். ஒன்று, கடன் கொடுத்து வட்டி வாங்குவது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் வட்டி நிற்காது. மற்றொன்று, நம் குடியானவர்கள் அறிந்த வாரம். விளைந்தால் இருவருக்கும் பங்கு. விளையாவிட்டால் இருவருக்கும் பட்டினி. பிரைவேட் ஈக்விட்டி என்பது இரண்டாவது ஜாதி. பங்குச் சந்தையில் ஊரறிய வாங்காமல், ஒரு கம்பெனியின் முதலாளியோடு நேரே பேசி, அதில் பங்கு வாங்கிக்கொள்வது. நாலைந்து வருஷம் கூட இருந்து கம்பெனியை வளர்த்து, பிறகு அந்தப் பங்கை நல்ல விலைக்கு விற்றுவிட்டு விலகுவது. நம் ஊரில் பங்காளி என்றதும் கோர்ட்டு வாசல்தான் ஞாபகத்துக்கு வரும். இவர்களோ, எந்த வருஷத்தில் பிரிந்துபோவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டு சேருகிற பங்காளிகள்.

அவர்கள் போடுகிற பணமும் பெரும்பாலும் அவர்களுடையதல்ல. பென்ஷன் நிதிகள், இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள், சர்வகலாசாலை அறநிதிகள், பெரிய தனவந்தர்கள் ஆகியோர் பத்து வருஷத் தவணையில் ஒப்படைத்த பணம் அது. நிர்வாகம் செய்வதற்காக வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் கூலி. போட்டவர்களுக்கு ஒப்புக்கொண்ட அளவு லாபம் கொடுத்த பிறகு, மிச்ச லாபத்தில் சுமார் 20 சதவீதம் பங்கு. இதுவே உலக வழக்கம். நம் தேசத்தில் இவற்றை ஒழுங்குபடுத்துவதற்காக 2012-இல் செபி தனி விதிகள் வகுத்தது. அந்த விதிகளின்படி, இத்தகைய நிதியில் ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போடவேண்டும். ஆகவே நாம் பணம் போடுகிறவர்களாக அங்கே நுழைவதற்கில்லை. உத்தியோகஸ்தர்களாக நுழையலாமா என்பதே கேள்வி.

இந்தத் தொழிலின் மூல புருஷர்களில் ஒருவர் ஓர் உபாத்தியாயர் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. அவர் ஜார்ஜஸ் டோரியோ என்ற பிரெஞ்சுக்காரர். அமெரிக்காவில் ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையில் பாடம் சொன்னவர். 1946-இல் சிலரோடு கூடி, பிறரிடமிருந்து பணம் திரட்டிப் புதுத் தொழில்களில் போடுவதற்கென்றே ஒரு ஸ்தாபனம் ஆரம்பித்தார். 1957-இல் இரண்டு இளம் எஞ்சினீயர்கள் கம்ப்யூட்டர் தொழில் தொடங்க வந்து நின்றார்கள். ஒரு பழைய கம்பளி ஆலையின் மூலையில் தொழிற்சாலை. டோரியோவின் ஸ்தாபனம் 70,000 டாலர் கொடுத்து 70 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனிதான் டிஜிட்டல் எக்விப்மென்ட். பத்துப் பதினோரு வருஷத்தில் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

அதே 1946-இல், எங்கள் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்துகொண்டிருந்தார். இன்று எம்.ஆர்.எஃப். டயர் என்று உலகம் அறிந்திருப்பது அந்தக் கொட்டகையிலிருந்து கிளம்பியதுதான். கொட்டகைக்கு வெளியே நடந்துபோன எத்தனை பேர் அன்றைக்கு அதை ஏறெடுத்துப் பார்த்திருப்பார்கள்? இப்படிப்பட்ட கொட்டகைகள் நூற்றைப் பார்த்து, அவற்றில் எது நிற்கும், எது விழும் என்று சொல்லுவதுதான் என் மாணவி விரும்புகிற உத்தியோகம்.

*

இதற்கு எங்கள் பேட்டைக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது.

பழைய லாரி வாங்குகிறவனுக்குப் பாங்கிக்காரர்கள் கடன் கொடுக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அவனிடம் வருமானவரிக் காகிதம் இராது. அடமானம் வைக்க நிலம் இராது. கணித சாஸ்திரம் படித்து, கல்கத்தாப் புள்ளியியல் கழகத்தில் பயின்று, இன்ஷியூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆர். தியாகராஜன், அவனையும் நம்பலாம் என்று எண்ணினார். 1974-இல் சென்னையில் சீட்டு நிறுவனமாக ஸ்ரீராம் குழுமத்தை நண்பர்களுடன் தொடங்கி, பிறகு பழைய லாரிகளுக்குக் கடன் கொடுப்பதைப் பெருந்தொழிலாக்கினார். 2006-ஐ ஒட்டி டி.பி.ஜி. என்ற அமெரிக்கப் பிரைவேட் ஈக்விட்டி ஸ்தாபனம் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸில் பங்கு சேர்ந்தது. 2013-இல், சுமார் 10 சதவீதப் பங்கை ஏறக்குறைய 1,650 கோடி ரூபாய்க்குப் பிராமல் குழுமத்துக்கு விற்றுவிட்டு விலகிற்று.

கடல் கடந்த பணம் எதை நம்பி வந்தது? தன் லாரியைத் தானே ஓட்டுகிறவன் தவணையைத் தவறவிட மாட்டான் என்பதை நம்பி வந்தது. அந்த உண்மையை நியூயார்க்கில் பிறந்தவனுக்குப் புஸ்தகம் வைத்துத்தான் விளக்கவேண்டும். என் மாணவியின் வீட்டிலோ அது அன்றாடச் சமாசாரம்.

மறு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உபாத்தியாயன் அல்ல, தரகன். இவர்களில் ஒரு சாரார், கம்பெனியை வாங்கும் பணத்தில் பெரும் பகுதியைக் கடனாக வாங்கி, அந்தக் கடனை வாங்கிய கம்பெனியின் தலையிலேயே சுமத்திவிடுகிறார்கள். 2005-இல் அமெரிக்காவில் 'டாய்ஸ் ஆர் அஸ்' என்ற பிரசித்தமான பொம்மைக் கடைக் கம்பெனியை மூன்று ஸ்தாபனங்கள் சேர்ந்து சுமார் 660 கோடி டாலருக்கு இப்படித்தான் வாங்கின. வியாபாரம் மந்தமான காலத்திலும் வட்டி மட்டும் மந்தமாகவில்லை. 2017-இல் கம்பெனி திவாலாயிற்று. மறு வருஷம் கடைகள் மூடப்பட்டு, 30,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நம் தேசத்தில், பங்கு வாங்குவதற்கென்று பாங்கிகள் கடன் கொடுப்பதற்கு நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்ததால், இந்த விபரீதம் இங்கே அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

கம்பெனி கை மாறினாலே தொழிலாளி கெட்டான் என்று சொல்லவும் முடியாது. 1955-இல் சென்னை மூலதனமும் ஆங்கிலேயக் கம்பெனியும் கூடி ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை நடத்திய என்பீல்டு மோட்டார் சைக்கிள் கம்பெனியை 1994-இல் ஐஷர் எடுத்துக்கொண்டது. 2000-ஐ ஒட்டி அதை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற யோசனை எழுந்தபோது, சித்தார்த்த லால் என்ற இளைஞர் தமக்கு ஒரு சந்தர்ப்பம் கேட்டு வாங்கி அதை நிமிர்த்தினார். இது பிரைவேட் ஈக்விட்டி அல்ல. ஆனாலும், தடுமாறுகிற கம்பெனி கை மாறிய பிறகு அதன் கதி, பொறுப்பேற்றவரின் பொறுமையையும் கண்ணோட்டத்தையும் பொறுத்தது என்பதற்கு எங்கள் ஊரிலேயே உள்ள திருஷ்டாந்தம்.

*

இனி, நுழைகிற வழி.

இந்த ஸ்தாபனங்கள் கோடிக் கணக்கில் பணம் ஆளுகிறவையே தவிர, ஆள் கணக்கில் சிறியவை. பத்து இருபது பேர் சேர்ந்து பெரிய நிதி ஒன்றை நடத்திவிடுகிறார்கள். ஆகவே பத்திரிகையில் 'ஆட்கள் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். தெரிந்தவர் சொல்லித்தான் பெரும்பாலும் அழைப்பு வருகிறது. கலாசாலையிலிருந்து நேரே எடுத்துக்கொள்வதும் குறைவு. வேறு எங்கேயாவது இரண்டு மூன்று வருஷம் புடம் போட்டு வந்தவர்களையே தேடுகிறார்கள். அலுவலகங்களில் பெரும்பாலானவை பம்பாயில் இருக்கின்றன. சென்னையில் 2007-இல் தொடங்கிய டி.வி.எஸ். காப்பிடல் போன்ற சிலவும் உண்டு.

நான் கண்ட வரையில் வாசல்கள் மூன்று. முதலாவது ராஜவாசல்: ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். முதலிய இடங்களில் படித்து, முதலீட்டு பாங்கியிலோ ஆலோசனை ஸ்தாபனத்திலோ வேலை பார்த்து, அங்கிருந்து தாவுவது. முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷப் படிப்புக்கு ரூ. 20 லட்சத்துக்கு மேல் ஆகிறது. அது ஒரு பழைய டிரெய்லரின் விலை. அங்கே இடம் கிடைத்துவிட்டால் அடமானமில்லாமலே பாங்கிகள் கல்விக் கடன் கொடுக்கின்றன என்பதையும் பெற்றோர்கள் அறிந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, கணக்கு வாசல். ஆடிட்டர் பரீட்சைக்குச் சர்வகலாசாலைப் படிப்பைவிடச் செலவு மிகக் குறைவு. கஷ்டம் மிக அதிகம். பி.காமில் 55 சதவீதம் வாங்கியவர்கள் முதற்படிப் பரீட்சையை விட்டு நேரே இடைநிலைக்குப் பதிந்துகொள்ளலாம். அதில் இரு பிரிவும் தேறிய பின், 2023-இல் வந்த புதிய திட்டப்படி, இரண்டு வருஷம் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி. கைச் செலவுக்குச் சொற்ப உதவித் தொகை. பிறகு கடைசிப் பரீட்சை. ஒரே தடவையில் தேறுபவர்கள் சிறுபான்மையோர். தேறியவர்கள் பெரிய ஆடிட் கம்பெனிகளில், விலைக்கு வரும் கம்பெனிகளின் கணக்கைத் துருவிப் பார்க்கும் பிரிவில் சேர்ந்துவிட்டால், பங்கு வாங்குகிறவர்களின் மேஜைக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது, தொழிற்சாலை வாசல். ஆலை நடத்திப் பழுத்த எஞ்சினீயர்களையும் மானேஜர்களையும், வாங்கிய கம்பெனியைச் சீர்திருத்துவதற்காக அழைத்துக்கொள்வது. இது தலை நரைத்த பிறகு திறக்கும் வாசல்.

எந்த வாசலானாலும், காவலாளி கேட்கும் கேள்வி ஒன்றே: "இந்தக் கம்பெனியை என்ன விலைக்கு வாங்கலாம்? ஏன்?" கம்ப்யூட்டரை முன்னால் வைத்து, சில மணி நேரத்துக்குள் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுகிறார்கள். இதற்குப் பழக்கம் ஒன்றே மருந்து. பங்கு வெளியிடப் போகும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சரித்திரம், கணக்கு, தனக்குள்ள ஆபத்துகள், தன்னிடம் பங்கு வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் எழுதித் தாக்கல் செய்யும் பத்திரம், செபியின் இணையதளத்தில் தர்மத்துக்குக் கிடைக்கிறது. சென்னையில் பிறந்து, பல நிதிகளின் கை மாறி, 2021 டிசம்பரில் பொதுஜனங்களுக்குப் பங்கு விற்ற ஸ்டார் ஹெல்த் இன்ஷியூரன்ஸின் பத்திரம் ஒன்றை மட்டும் நிதானமாகப் படித்தாலே அரை வருஷப் பாடம் ஆகும். மாதம் ஒரு பத்திரம் படித்து, 'நான் வாங்குவேன்' அல்லது 'வாங்க மாட்டேன்' என்று காரணத்தோடு இரண்டு பக்கம் எழுதி வைக்கிற பிள்ளை, இரண்டு வருஷத்தில் யார் முன்னும் கூசாமல் உட்காரலாம்.

*

சென்ற ஞாயிறு அவர்கள் மறுபடி வந்தார்கள். இவ்வளவையும் சொன்னேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "கம்பெனி எதற்கு? உங்கள் வீட்டு லாரியைப் போல ஒன்றையே வாங்கு, பார்ப்போம்" என்று நோட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்தேன்.

அவள் எழுதினாள்: லாரி விலை ரூ. 20 லட்சம். கைப் பணம் 5 லட்சம், கடன் 15 லட்சம். டீசல், டிரைவர் சம்பளம், சுங்கம், இன்ஷியூரன்ஸ், வட்டி எல்லாம் போக வருஷம் 3 லட்சம் அசலில் கழியும். நான்கு வருஷத்தில் 12 லட்சம் கழிந்து, பாக்கி 3 லட்சம். அப்போது லாரி 12 லட்சத்துக்குப் போகும். கடனைத் தீர்த்தால் கையில் 9 லட்சம். 5 லட்சம் 9 லட்சமாயிற்று. வருஷத்துக்குச் சுமார் 16 சதவீதம்! பிறர் கடனில் வாங்கி, வாங்கிய பொருளின் வரும்படியிலேயே கடனை அடைப்பது. பொம்மைக் கடையை வாங்கியவர்கள் போட்ட கணக்கும் இதே ஜாதிதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சரி என்று சிவப்பு மசியால் குறி போடப் போனேன்.

"டயர் எங்கே அம்மா?" என்றார் தகப்பனார்.

அவர் அதுவரையில் வாய் திறக்கவில்லை. நோட்டுப் புஸ்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரெய்லருக்கு வருஷத்தில் நாலு டயராவது மாற்றவேண்டாமா? ஒரு லட்சம் வைத்துக்கொள்."

பெண் முகம் சிவந்தது. திருத்தி எழுதினாள். வருஷம் 2 லட்சம்தான் கழியும். நான்கு வருஷத்தில் 8 லட்சம் போய், பாக்கி 7 லட்சம். 12 லட்சத்துக்கு விற்றுக் கடனை அடைத்தால் கையில் 5 லட்சம். போட்டதும் 5, வந்ததும் 5. கூடுதல் வட்டியைச் சேர்த்தால் அதிலும் குறையும்.

"அதனால்தான் நான் பன்னிரண்டு வருஷமாக இரண்டாவது வண்டி வாங்கவில்லை" என்றார் அவர்.

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். கணக்குப் படித்த எங்கள் இருவர் கண்ணிலும் படாதது, தவணை கட்டுகிறவர் கண்ணில் பட்டது. அவருக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் ஏற்ற அவருக்குத் தெரியாது. ஏற்றத் தெரிந்த அவர் பெண்ணுக்கு அது தோன்றவில்லை. இந்த இரண்டும் ஒரே தலையில் சேர்ந்தால், அந்தத் தலைக்கு எந்த ஊர் அலுவலகத்திலும் மதிப்பு உண்டு. சேராமல் போனால், டயர் கணக்கை மறந்தவன் லாபம் இல்லாமல் தப்பிவிடுவான். வண்டியை ஓட்டுகிறவன்தான் நடுத்தெருவில் நிற்பான். இதையே அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன்.

தகப்பனார் வெகு நேரம் யோசித்தார். "எத்தனை வருஷம் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"ஆடிட்டர் ஆவதற்கே, தடங்கலில்லாமல் தேறினால் மூன்றரை, நான்கு வருஷம். அதற்குப் பிறகும் அந்த உத்தியோகம் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடிட்டர் படிப்பு வீண் போகாது" என்றேன்.

"வண்டித் தவணை இன்னும் பதினெட்டு மாதம் இருக்கிறது. அது வரைக்கும் என்னால் ஒன்றும் கொடுக்க முடியாது" என்றார், பெண்ணைப் பார்த்து.

"நான் கேட்கவில்லை, அப்பா. சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். பேங்க் பரீட்சையும் எழுதுகிறேன்" என்றாள்.

இடைநிலைப் பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதென்று முடிவாயிற்று. கிளம்பும்போது அவள் நோட்டுப் புஸ்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுக்க வந்தாள். தகப்பனார், "அது இருக்கட்டும், ஐயா. வேறு என்ன விட்டுப்போயிருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறோம்" என்று சொல்லி, அதை வாங்கித் தம் கையில் வைத்துக்கொண்டார்.